ஒரு விரல் நீட்டம்

கொத்தனார் பேச்சிமுத்து வழக்கம்போல் மூன்று விரல் அகலம் வெளியே நீட்டிவைத்த சமையல் மேடைக் கிரானைட், கைப்பிடி இல்லாத டிராயர்களைத் திறக்க விட்டிருந்த இடுக்கை மறைத்துவிட்டது. சமையலறையை வடிவமைத்த நூர்னிசா பிடிவாதமாக நின்று அதை ஒரு விரலுக்கு வெட்டவைத்திருக்கிறாள். "வெட்டுன கல்ல ஒட்ட முடியாது தங்கச்சி. தண்ணி பூரா டிராயருக்குள்ளதான் போவும்" என்கிறார் அவர். அவள் ஒரு செம்புத் தண்ணீரை மேடையில் சாய்க்கிறாள். மலைப்பக்கச் சன்னல் வெயிலில் மின்னியபடி அது விளிம்பில் இறங்கி, கல்லின் அடியில் அவள் கீறவைத்த மெல்லிய பள்ளத்தைத் தாண்ட முடியாமல், சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. கல்தூசி படிந்த விரலை இடுக்கில் விட்டு அவர் இழுக்க, டிராயர் சத்தமில்லாமல் வருகிறது. உள்ளே விரித்த செய்தித்தாளில் பொட்டு ஈரமில்லை. மூடுகிறார், திறக்கிறார், மறுபடி மூடுகிறார். "எம்புட்டு நேரம்ணே தொறந்து தொறந்து மூடுவீக?" என்றபடி நூர்னிசா அடுத்த செம்பை மொள்கிறாள்.