எதிர்க்கடையின் முத்திரை

"ஏம்ப்பா, எதிர்க்கடைக்காரர் நமக்குப் போட்டிதானே? அவரப் பாத்தா எதுக்குத் தொப்பியக் கழட்டுறீங்க?" என்று டார்கஸ் சிறுமியாக இருந்தபோது கேட்டாள். தங்கள் சேணக் கடை எரிந்த வருஷம், அந்த எதிர்க்கடைக்காரர் பிங்லிதான் எல்லா வேலையையும் தைத்து, தன் பெயரை விட்டுத் தங்கள் பெயர் முத்திரையையே குத்திக் கொடுத்தார் என்றார் அப்பா. இன்று கடை டார்கஸுடையது. யார்க்‌ஷயர் கடைத்தெருவில் சந்தை இரைகிறது. வாசலில் கட்டிய குதிரை கல்தரையை உதைத்துக்கொண்டே நிற்கிறது. குதிரையில் வந்த வாடிக்கைக்காரி திருமதி கார்சைடு, பிங்லி செய்த சேணத்தை மேசைமேல் போடுகிறாள். "பாரும்மா, கிழவன் தையல் விழுற பல்லு மாதிரி ஆடுது. நாளைக்கு என் பொண்ணு இதுல ஏறணும். தெச்சுட்டு, அவன் பேரச் சுரண்டி உன் பேரையே அடிச்சிரு. ஊருக்குத் தெரியட்டும்." "தையல் நிக்கும். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்கிறாள் டார்கஸ். அவள் போனதும் டார்கஸ் மெழுகு நூலை இழுக்கிறாள், அறுந்துபோகிறது. ஊசி விரலில் ஏறுகிறது. "கர்த்தாவே, கையத் திடப்படுத்தும்." கண்ணாடிக்கு அப்பால், எதிர்க்கடையில் பிங்லி ஊசியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், நூல் நுழையவில்லை. அவருடைய பழைய துளைகளிலேயே, அவர் தைக்கும் நெருக்கத்திலேயே, டார்கஸ் சேணத்தின் பட்டையை இறுக்கித் தைக்கிறாள். சுத்தியலும் அவள் முத்திரையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. வாசலில் திருமதி கார்சைடின் காலடி கேட்கிறது. சேணத்தில் குத்தியிருக்கும் பிங்லியின் பெயர்மேல் அவசரமாக மெழுகு தேய்க்கிறாள். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்ததும், சேணத்தின் மேல்மடிப்பை அதன்மேல் இறக்கி மூடுகிறாள்.