ரெண்டு கலர் மாத்திரை

"பல்லையெல்லாம் தொறக்க வேணாம் டாக்டரம்மா. அந்த ரெண்டு கலர் மாத்திர ஒரு அட்டை எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னான் சவுரிமுத்து. வலது தாடை வீங்கி, முகமே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கூடுவாஞ்சேரியில் கட்டட வேலை. நாளைக் காலையில் மூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். சட்டி மாற்றும் வரிசையில் அவன் நிற்காவிட்டால், மேஸ்திரி தனசிங் வேறு ஆளை நிறுத்திவிடுவார். அப்படி நின்றவன் நின்றவன்தான். கட்டடம் முடிகிற வரைக்கும் இவனுக்கு அங்கே இடம் கிடையாது. அதற்காகத்தான் ரயிலேறித் தாம்பரத்துக்கு ஓடி வந்திருந்தான்.

டாக்டர் ஜோசலின் பதில் பேசவில்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. தாடைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கச் சொல்லி ஜான்சி சிஸ்டருக்குக் கை காட்டினார். கேட்க வேண்டியதையெல்லாம் சிஸ்டர்தான் கேட்டாள்.

அவனும் ஒளிக்காமல் சொன்னான். போன வருஷம் இதே பல் வலித்தபோது, மேஸ்திரி வீட்டில் மிச்சம் இருந்ததில் இரண்டு வாங்கிப் போட்டான். வலி போன இடம் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் திரும்ப வந்தது. இரண்டுக்கு மசியவில்லை, நாலு போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு அட்டையே தீர்ந்துவிட்டது, வீக்கம்தான் மிச்சம். அவன் மட்டுமா? சைட்டில் காது வலித்தாலும் சரி, காலில் ஆணி குத்தினாலும் சரி, எல்லாருக்கும் அதே மாத்திரைதான்.

"கம்பெனிக்காரன் டூப்பு மாத்திர வுட்டுக்கினு கீறான் போல" என்றான்.

"மாத்திரை டூப்பு இல்லண்ணா" என்றாள் ஜான்சி. "வேணும்கறப்பவும் போட்டீங்க, வேணாங்கறப்பவும் போட்டீங்க. உள்ள இருக்கற கிருமி அதுக்குப் பழகிடுச்சு. இப்ப மாத்திரைய மூட்டையா கொட்டினாலும் அது அசையாது. நாளைக்கு நெஞ்சுல சளி கட்டி, நிஜமாவே அந்த மருந்துதான் உயிரைக் காப்பாத்தணும்னு வந்தா, அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

சவுரிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்ணுக்கே தெரியாத பூச்சி. அவன் பஸ் போர்டைக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்கே பாதி ஆயுசு ஆனது. இது ஒரே வருஷத்தில் மாத்திரையைப் படித்து முடித்துவிட்டதாமே!

ஆனாலும் நாளை கான்கிரீட்.

"அப்ப அதுக்கு மேல பெருசா ஒண்ணு எழுதுங்க டாக்டரம்மா."

முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார். "சீழ் அடைச்சிருக்கு. அதுக்கு வழி விடணும்." அதையும் மாஸ்க்குக்குள்ளேயே முணுமுணுத்தார்.

அவனுக்குச் சுருக்கென்றது. வேலைக்காரனிடம் நாலு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவார்? "வலி எங்களுக்குத்தானே. உங்களுக்கு இன்னா தெரியும்" என்று முனகினான். அந்தக் கண்கள் அவனை ஒரு நொடி பார்த்தன. பிறகு ஊசி இறங்கியது.

மிஷின் கிர்ரென்றது. நாற்றத்தோடு என்னவோ வாயில் வழிந்தது. சிஸ்டர் உறிஞ்சியெடுத்தாள். மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்த சம்மட்டியை யாரோ பிடுங்கிப் போட்ட மாதிரி, சட்டென்று ஒரு அமைதி.

எல்லாம் ஊசியின் வேலையாகத்தான் இருக்கும் என்று அந்த அமைதியை அவன் நம்பவில்லை. மரத்தது தெளியட்டும், பார்க்கலாம் என்று வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சாயங்காலம் உதடு உயிர் பெற்றது, நாக்கு உயிர் பெற்றது. வலி மட்டும் வரவில்லை. தாடையைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு மாத்திரை இல்லை, ஒன்றுமில்லை. இத்தனை நாளும் கதவைச் சாத்திவைத்துவிட்டு உள்ளே இருக்கிறவனோடு மல்லுக்கட்டியிருக்கிறான். இந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

மேஸ்திரி போன் பண்ணி, வருவியா மாட்டியா என்று அதட்டினார். வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தபிறகுதான் பயம் பிடித்தது. ராத்திரி திரும்ப வந்துவிட்டால்? சிஸ்டர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்த மருந்துச் சீட்டைப் பிரித்து எழுத்துக் கூட்டினான். வலிக்கு ஒரு மாத்திரை, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், காய்ச்சலோ வீக்கமோ ஏறினால் உடனே வர வேண்டும். ரெண்டு கலரைக் காணோம். கடைசியாக ஒருதரம் கேட்டுவிடுவோம் என்று உள்கதவைத் தள்ளினான்.

உள்ளே ஜான்சி சிஸ்டர் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"குரோம்பேட்டை டாக்டர் ஏழு மணிக்குத்தான் வருவாங்களாம் மேடம், அதுக்கப்புறம்தான் உங்க பல்லைத் திறப்பாங்க. காலைலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாரையும் பாத்துட்டீங்க. கம்பெனிக்காரங்க குடுத்த ரெண்டு கலர் சாம்பிள் அலமாரி நிறையக் கிடக்கு. நீங்களாவது ரெண்டு போட்டுக்கக் கூடாதா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டியபடி டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. அவருடைய இடது கன்னம், சவுரிமுத்து கொண்டுவந்த வீக்கத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வீங்கியிருந்தது.