அந்த ரெண்டு செகண்டு

"இன்னைக்கு எத்தன செகண்டுங்க சாமி?"

மதுமதி ஸ்டாப் வாட்சைப் பார்த்துவிட்டு, "நாலுங்கம்மா" என்றாள். செல்லாயி உடனே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் 4 என்று குறித்துக்கொண்டாள்.

பிசியோதெரபி செய்ய மதுமதி நான்கு மாதமாகப் பரமத்தியிலிருந்து இந்தத் தோட்டத்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து போகிறாள். செல்லாயியின் கணவர் செங்கோடன் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மதுமதி "தூக்குங்க" என்பாள். அவரும் தூக்கத்தான் நினைப்பார். அந்த நினைப்பு மூளையிலிருந்து புறப்பட்டுக் கைக்கு வந்து சேர வேண்டுமே! முதல் மாதம் அது வந்து சேரவே இல்லை. அப்புறம் பதினெட்டு செகண்டு, பதினொன்று, ஏழு என்று மெல்ல மெல்ல இறங்கியது.

இப்படி ஒரு மனைவியை மதுமதி எங்கும் கண்டதில்லை. பெற்ற பிள்ளைகளே ஓரமாக நின்று போனை நோண்டுகிற காலத்தில், இந்த அம்மா எண்ணெய் தேய்ப்பதென்ன, பந்தைக் கையில் வைத்து அமுக்கப் பழக்குவதென்ன, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவதென்ன. தன் வீட்டுக்காரரிடம்கூட மதுமதி இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போயிருக்கிறாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் செங்கோடன் இட்லியைத் தானே பிட்டு வாயில் வைத்தார். கை இரண்டே செகண்டில் எழுந்தது. மதுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் ஸ்கூட்டரை எடுக்கும்போது செல்லாயி பின்னாலேயே வந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள்.

மதுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பப் போயி நிறுத்தலாமுங்களா? இன்னும் ஒரு மாசந்தானுங்கம்மா. அப்பறம் நெனச்ச ஒடனே கை வந்துரும். பழையபடி ஆயிருவாரு."

"அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன்." செல்லாயி ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவரா சோறு திங்கறாரு, அது போதும். அந்த ரெண்டு செகண்டு அப்படியே இருக்கட்டும் சாமி. மொகம் மாறுனதப் பாத்து, கை ஓங்கறதுக்குள்ள நான் தள்ளிப் போயிக்குவேன். இருவத்தேழு வருசமா அதுக்கு நேரமே இருந்ததில்லைங்க."