சீசனில் லீவு கிடையாது

"ஷட்டரை இறக்குடா!" என்று கத்தினார் கலீல் பாய். கீழ் உதட்டில் வழிந்த ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே, சரக்கு அடுக்கும் மரப் பேலட் ஒன்று உடைந்து கிடந்ததிலிருந்து ஒரு பலகையை உருவினார்.

அந்த உதட்டைக் கிழித்தவன் வைரவன். வளைகுடாவில், ஜெபல் அலி துறைமுகக் குடோனில் வருஷக்கணக்காக லோடு ஏற்றுகிறவன், ஃபோர்மேனான பாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேச்செல்லாம் எதற்கு என்று நேராகக் கையை நீட்டிவிட்டான்.

அவன் கேட்டது லீவு, அவ்வளவுதான். கூட வேலை பார்த்த கார்மேகம் நாலு நாள் முன்னால் மாரடைப்பில் செத்துப்போய், உடல் நாளைச் சாயங்காலம் திருச்சிக்குப் போகிறது. கூடவே போக வேண்டும் என்று கேட்டான்.

"நீ யாருடா அவனுக்கு? அண்ணனா, தம்பியா?" என்று பாய் எல்லார் முன்னாலும் கேட்டார். "ரூம்ல கூட இருந்தவன் செத்ததுக்கெல்லாம் லீவு குடுத்தா, நான் குடோனைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். ரம்ஜான் சீசன்ல இங்கேருந்து ஊருக்குப் போறது ரெண்டே பேரு. ஒருத்தன் பெட்டியில போறவன், இன்னொருத்தன் வேலைக்கு அன்ஃபிட் ஆனவன்."

நீ யாருடா அவனுக்கு? வைரவனிடம் பதில் இருந்தது. போன லீவில் குன்றக்குடி மலையில், கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில், இருவரும் மாலை மாற்றிக்கொண்டவர்கள். கார்மேகம் அவனுடைய புருஷன். அதை இந்த ஊரில் வாய்விட்டுச் சொன்னால் ஜெயில். தொழிலாளர் கேம்ப்பில் சொன்னால் ஜெயிலுக்கு முன்னால் உதை.

அதனால் அவன் அழவில்லை. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, குத்துவதற்கு இனி சுவர் போதாது என்ற நிலையில்தான் பாய் வாயைக் கொடுத்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவன, டீயக் குடிச்சுட்டு வந்து லோடு ஏத்துன்னு சொன்னது நீதானேய்யா!" என்று வைரவன் மறுபடி பாய்ந்தான்.

முதல் அடி முதுகில் விழுந்தது. அவன் விழவில்லை. தலையால் பாயின் வயிற்றில் முட்டித் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து குரல்வளையைப் பிடித்தான். "சாவு! நீயும் சாவு!" என்று அழுத்தினான். கார்மேகம் போனதிலிருந்து அப்போதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

விலக்க வந்த இன்னொரு லோடுமேன் நுஃமானுக்கும் ஒரு குத்து விழுந்தது. அந்த இடைவெளியில் பாய் புரண்டு எழுந்தார். ஐம்பது தாண்டியவர்தான், ஆனால் அவரும் ஒரு காலத்தில் லோடு தூக்கியவர். வைரவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார்.

வலது கையைப் பிடித்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு அதை விட்டார். இடது கையை இழுத்துப் பேலட் விளிம்பில் வைத்தார்.

"பாய், வேணாம் பாய்! மெண்டலாயிட்டான், விட்டுருங்க!" என்று நுஃமான் கெஞ்சினான்.

பலகை இறங்கியது. முதல் அடியில் முறியவில்லை. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது தடவை ஓங்கினார். வைரவன் போட்ட சத்தத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பலகையை வீசிவிட்டுப் பாய் எல்லாரையும் பார்த்தார். "பேலட் சரிஞ்சு இவன் கையில விழுந்துச்சு. எல்லாரும் பாத்தீகள்ல? போய் சோலியப் பாருங்க!" எல்லாரும் கலைந்து லோடு ஏற்றப் போனார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதையைத்தான் இந்தியில் ஒப்பித்தார். வைரவன் மறுக்க வாயெடுத்தபோது, டாக்டருக்குத் தெரியாமல் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இந்த ஆள் எதுவும் செய்வான் என்று நினைத்ததும் வைரவனுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. இரண்டு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

மாவுக்கட்டோடு வார்டில் கிடந்தவனுக்குக் கைவலி பெரிதாகத் தெரியவில்லை. கார்மேகத்துக்கு இருட்டென்றால் பயம். ரூமில் பாத்ரூம் விளக்கையாவது எரியவிட்டால்தான் தூங்குவான். பிளைட்டின் அடிவயிற்றில், சரக்கோடு சரக்காக, அந்த இருட்டில் அவனைத் தனியாக ஏற்றி அனுப்பப்போகிறார்கள். நினைத்ததுமே வைரவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். உதடு வீங்கி, கழுத்தில் வைரவனின் விரல் தடம் அப்படியே இருந்தது. அவனுடைய பாஸ்போர்ட்டைப் படுக்கையில் போட்டார்.

"கம்பெனி ஒன்ன அன்ஃபிட்னு முடிவு பண்ணிருச்சு. தூக்க முடியாதவனுக்குக் கேம்ப்ல ஒரு நாள்கூடச் சோறு போட மாட்டாங்கன்னு தெரியும்ல? இன்னிக்கே ஊருக்கு அனுப்புறாங்க."

"கையையும் முறிச்சு, பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டியா? நீ நல்லா இருப்பியா?" வைரவன் நல்ல கையால் எட்டி, அதே கழுத்தை மறுபடி பிடித்தான்.

பாய் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அசையாமல் நின்றார்.

"ஒன்ன அன்ஃபிட்னு காட்டப் பொய் சர்ட்டிபிகேட்டுக்கு முந்தாநாளே அலைஞ்சு பாத்துட்டேன்டா. எக்ஸ்ரே இல்லாம ஆபீஸ்ல நம்ப மாட்டேங்குறானுவ" என்றார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவன் நெஞ்சின் மேல் வைத்தார்.

"சாயங்கால பிளைட்டுடா. ஒம் புருஷனும் அதுலதான் போறான்."