‘சரி’ன்னு சொல்லாதீக

“ஜீப்புல ரெண்டு பேரு வாராக. ஒருத்தரு பேன்ட்டு, மூக்குக் கண்ணாடி. இன்னொருத்தன் டிரைவரு. வந்துக்கிட்டே இருக்காக...”

ஹெட்போனில் இதைக் கேட்டதும் சிவசங்கரன் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மூக்குக் கண்ணாடி அவர்தான்.

அவர் வயர்லெஸ் கண்காணிப்பு அதிகாரி. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களை, கூரையில் வளைய ஏரியல் வைத்த ஜீப்பில் தேடிப் பிடிப்பது அவர் வேலை. கேட்பதற்கு வீரமாகத்தான் இருக்கும். கையில் இருப்பதென்னவோ ஒரு பென்சிலும் நோட்டும்தான்.

இந்தத் தடவை புகார் கொடுத்தது ஒரு பருத்தி மில். மில்லுக்கும் பஞ்சுக் கிட்டங்கிக்கும் பேசிக்கொள்ள முறையாக லைசென்ஸ் வாங்கிய அலைவரிசை அது. போன மாதம் அதில் எவனோ குறுக்கிட்டு, “அண்ணே, இனிமே இதுல ‘சரி’ன்னு மட்டும் சொல்லாதீக. சொன்னா ஆள் செத்துப்போகும்” என்றிருக்கிறான்.

கொலை மிரட்டல் என்று மேனேஜர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் அதே குரல் வந்து, கொஞ்ச நேரம் விடாமல் எதையாவது பேசிவிட்டுப் போகிறதாம்.

விளாங்குடியைத் தாண்டி, மேற்கே பிரிந்த வண்டிப்பாதையில் ஜீப் குலுங்கிக்கொண்டு போனது. கருவியின் முள் காட்டிய திசையில், மரமில்லாத பாறைக் குன்றாக ஒரு மொட்டைக் கரடு நின்றது. உச்சி வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆடு மாடு கூட இல்லை.

“போலீஸக் கூட்டியாந்திருக்கலாம் சார்” என்றான் டிரைவர் கருப்பு. “நம்மள எங்கிட்டோ இருந்து பாத்துக்கிட்டே பேசுறான்.”

“பேசாம ஓட்டுப்பா” என்றார் சிவசங்கரன். சொல்லிவிட்டு சீட்டில் கொஞ்சம் தாழ உட்கார்ந்துகொண்டார்.

“புளியமரத்தத் தாண்டிட்டாக. நேரா இங்கதான் வாராக” என்றது ஹெட்போன்.

யாருக்குச் சொல்கிறான்? எதிர்முனையிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பேசி முடித்துப் பட்டனை விட்டால்தானே அடுத்தவர் பேச முடியும்? இவன் விடவே இல்லை. வேலை தெரியாத பயல் என்று அந்தப் பயத்திலும் நினைத்துக்கொண்டார்.

கரட்டின் அடியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். வாக்கி-டாக்கி வாயோடு ஒட்டியிருந்தது. வளைய ஏரியலைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினான். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“எறங்குறாக. ரெண்டு பேரும் எறங்குறாக.”

“உன் பேர் என்ன?”

“பேயாண்டி” என்றான், வாக்கி-டாக்கிக்குள்ளேயே.

“லைசென்ஸ் இருக்கா?”

“எழுதிப் போட்டு ரெண்டு வருசமாச்சு சார். டெல்லியில இருந்து காயிதம் வரல.”

“யார் எழுதிப் போட்டது? நீ யாரோட ஆளு?”

“அது முடியாது சார். பேரச் சொன்னா நாப்பது குடும்பத்துப் பொழப்பு போயிரும்.” அவன் கண் கரட்டின் உச்சிக்குப் போய்த் திரும்பியது. “சார், இங்க நிக்காதீக. ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போயிருங்க. நல்லதுக்குச் சொல்றேன்... போகல, இன்னும் நிக்கிறாக.”

சிவசங்கரனும் உச்சியைப் பார்த்தார். ஒருவரும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

மேலே ஆள் இருக்கிறது. எத்தனை பேரோ, கையில் என்ன வைத்திருக்கிறார்களோ. மனைவி ஜானு காலையில் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் ஜீப்பில் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தின்னாமலே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றியது அவருக்கு.

“என்கிட்ட பேசுறத அதுல ஏன்டா பேசுற?”

“இதுலதான் சார் பேசணும்... பக்கத்துல வந்துட்டாரு. கண்ணாடி போட்டவரு பக்கத்துல வந்துட்டாரு.”

எங்கே நிற்கிறோம், எத்தனை பேர் என்று ஒவ்வொன்றும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இவன் வாயை அடைத்தால்தான் உயிரோடு வீடு போய்ச் சேரலாம். சிவசங்கரனுக்குப் பயத்திலேயே ஒரு வெறி வந்தது.

“கருப்பு, அவனப் பிடி.”

கருப்பு பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். “வேணாம் சார், அதக் குடுத்திருங்க” என்று பேயாண்டி அலறுவதற்குள், சிவசங்கரன் வாக்கி-டாக்கியைப் பிடுங்கிக் குமிழைத் திருகி அணைத்துவிட்டார். அணைத்ததோடு நிற்காமல் பாட்டரியையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜீப்பில் தொங்கிய ஹெட்போனில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இருபது வருஷ சர்வீஸில் இத்தனை நிம்மதியாக அவர் மூச்சு விட்டதில்லை.

“இப்ப கூப்பிடுடா உன் ஆளுகள” என்றார்.

பேயாண்டி திமிறவில்லை. கரட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு மட்டும் அசைந்தது.

“முன்னெல்லாம் ‘சரி’ன்னாத்தான் சார் வெடி; மில்லுக்காரவுக ‘சரி’ குறுக்க வந்து விழுந்ததால மாத்திட்டோம். இப்ப நான் பேச்ச நிறுத்துனாத்தான் சார், கீழ ஆளில்லைன்னு பாறைக்கு வெடியப் பத்த வைப்பாக.”