மத்தியான ஒழுகல்

"மத்தியானத்துல மட்டும் எங்கேயோ ஒழுகுது மச்சான். எங்கேன்னுதான் பிடிபடல."

சமோசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த ரிஸ்வான் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"மழையே பெய்யலையே ஷமீனா?"

"வீடு ஒழுகல. பேட்டரி ஒழுகுது!"

மாடிப்படிக்கு அடியில் ஒரு நீலப் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஷமீனா. சிதம்பரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். காடாம்புலியூர் முந்திரி ஓட்டைக் கரியாக்கி, உப்பிலிருந்து எடுத்த சோடியத்தையும் சேர்த்து, பகல் வெயிலை ராத்திரிக்குச் சேமித்து வைக்கும் பேட்டரி ஒன்றைச் செய்திருக்கிறாள். அந்தக் கரி செய்த நாளெல்லாம் வீடு முழுக்க முந்திரி ஓடு கருகிய வாடை. அதைச் சகித்துக்கொண்டதற்கே ரிஸ்வானுக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

அவள் புருஷன் ரிஸ்வான் துபாயிலிருந்து திரும்பி வந்தவன். கடலூர் முதுநகரில் வீட்டிலேயே சமோசா போட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்கிறான். காலையில் அவள் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வீடு, அடுப்பு, பெட்டி மூன்றும் அவன் பொறுப்பு.

"மாடியில இருக்குற சோலார் தகடு சரியாத்தான் குடுக்குது. செலவாகுற கரண்டையும் கழிச்சுப் பார்த்துட்டேன். அப்படியும் தினம் கொஞ்சம் காணாமப் போவுது. ஓட்டைப் பானையை எந்த மூஞ்சியோட மேடத்துக்கிட்ட குடுக்குறது?"

நாளைக் காலையில் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ஞானாம்பாள் மேடம் பெட்டியை எடுத்துப்போக வண்டியோடு வருகிறார். பெட்டி சோதனையில் தேறிவிட்டால் கடலோரக் குப்பத்து வீடுகளுக்கு இதே மாதிரி செய்து வைப்பார்கள். தேறாவிட்டால் ஷமீனா இத்தனை காலம் பட்ட பாடு முந்திரி ஓட்டோடு குப்பைக்குத்தான் போகும்.

"வர வேணாம்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

மேடம் கேட்பதாக இல்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று வந்தது. "கொஞ்சம்தானே ஒழுகுது? ஒழுகட்டும்மா. இங்க கொண்டாந்து எல்லார் முன்னாடியும் வெச்சுப் பார்த்துடலாம். காலையில ரெடியா இரு."

'எல்லார் முன்னாடியுமா!' ரிஸ்வான் பூரிக்கட்டையைக் கீழே வைத்தான்.

அந்த ஒழுகல் அவனுக்குப் புதிதல்ல. போன மாதம் ஒரு மப்பான மத்தியானம். எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேலே தெரியும் எண் குறைந்துகொண்டே வந்ததை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான். பொண்டாட்டி வந்து பார்த்தால் மனசு விட்டுப்போவாளே என்று பதறிப்போனான். மழைக்காலத்துக்காக அவள் வாங்கி வைத்திருந்த சார்ஜர் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அடுப்படி பிளக்கில் செருகி, பெட்டிக்குக் கரண்ட் ஏற்றினான். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அதே வேலைதான். அவள் பஸ் வந்து சேருவதற்குள் சார்ஜர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அலமாரிக்குப் போய்விடும்.

கொஞ்ச நாளாக அடுப்படி பிளக்குக்கு நல்ல ராசி. தெருவுக்கே கரண்ட் போனாலும் அங்கே மட்டும் போகாது, ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றும். அது வேறு லைன் போல என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

இவ்வளவு ஊட்டியும் இந்தப் பெட்டி ஒழுகுகிறது. சிதம்பரத்தில் ஊட்டி விட ஆள் ஏது? அத்தனை பேர் நடுவில் இவள் தலைகுனிந்து நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்கு இப்போதே திட்டு வாங்கிவிடுவது மேல்.

"ஷமீனா, ஒண்ணு சொல்றேன். கோவப்படாதே."

"என்ன, மாவுல உப்பு போடலையா?"

"அது கொஞ்சமா ஒழுகல, ஜாஸ்தியாவே ஒழுகுது. நான்தான் தினம் மத்தியானம் சார்ஜர் போட்டு ஏத்தி விடுறேன். அதனாலதான் இந்த மட்டுக்காவது நிக்குது. உனக்குத் தெரிஞ்சா அழுவியேன்னு..." விரலில் ஒட்டியிருந்த மாவை உருட்டினான். "மன்னிச்சுடு புள்ள. உன் பேட்டரி சரியில்ல."

ஷமீனா அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேர்ந்து?"

"போன மாசத்துலேர்ந்து."

"எந்த பிளக்குல?"

"அடுப்படி பிளக்குலதான். அதுலதானே கரண்டே போவாது!"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரிஸ்வான் மாவுக் கையோடு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழாதே ஷமீ. இன்னொண்ணு செஞ்சுக்கலாம். எத்தனை மூட்டை ஓடு வேணும்னாலும் நானே வறுத்துத் தரேன்."

அவள் கையை எடுத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் போறப்ப அடுப்பு முன்னாடி நீங்க வேர்த்துக் கொட்டுறதைப் பார்க்க முடியல. சொன்னா என் பேட்டரி வீணாப்போகுதுன்னு ஃபேனையே போட மாட்டீங்க. அதான் உங்களுக்குத் தெரியாம, போன மாசம் அடுப்படி பிளக்கை இந்தப் பெட்டியோடயே சேர்த்து வெச்சேன்" என்றவள், மாவு அப்பியிருந்த அவன் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஃபேன் ஓடினா பெட்டியில குறையத்தானே செய்யும்! அதுக்கிட்டேருந்தே எடுத்து அதுக்கே ஊட்டியிருக்கீங்க மச்சான்! பெட்டி ஒழுகவே இல்ல, நீங்க ஊட்டும்போது சிந்தினதுதான் அத்தனையும்!"