வரிசைக் கோட்பாடு

மனிதகுலம் இதுவரை நின்ற வரிசைகளும் இனி நிற்கப்போகிற வரிசைகளும் ஒரே சமன்பாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதில் பகலவனுக்குச் சந்தேகமே இல்லை. பயன்பாட்டுக் கணிதத்தில் இரண்டாம் ஆண்டு முடித்தவனைக் கோடை ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர் சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பியிருக்கிறார். காலை வெயில் தகரக் கூரையில் இப்போதே கொதிக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் கம்பெனிச் சட்டையோடு, தூக்கம் வழியும் கண்களோடு நிற்கிறார்கள். ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டு இடம்பிடிக்க, துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டித் தயாராக வைத்திருக்கிறாள் மாரிசெல்வி.

“இன்னாம்மா, துணியப் போட்டா சீட்டு உன் பேர்ல பட்டா ஆயிடுமா? ஆராய்ச்சில இதுக்குப் பேரு காட்டுமிராண்டித்தனம்” என்கிறான் பகலவன். சுற்றிலும் சிரிப்பு.

“விடிய விடிய நின்னே வேல பாத்துருக்கேன் சார். கோயம்பேடு வரைக்கும் நிக்க காலு தாங்காது.”

“அதான் க்யூல மொத ஆளா நில்லுன்றேன். மொத ஆளுக்கு சீட்டு கேரண்டி. கணக்கு சொல்லுது.”

அவள் நம்புகிறாள். துப்பட்டாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நிற்க, மற்றவர்கள் பின்னால் சேருகிறார்கள். பகலவன் வால்பக்கம் நின்று தன் வரிசையின் அழகை ரசிக்கிறான். பேருந்து வருகிறது. வழக்கம்போல நிறுத்தத்தைத் தாண்டிப் போய், வரிசையின் வால்பக்கத்தில் நிற்கிறது. எல்லோரும் முண்டியடித்து ஏற, முதல் ஆளாக நின்றவள் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு கடைசி ஆளாக ஓடிவருகிறாள். காலியாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜன்னலோரச் சீட்டு.

“சார், சார்!”

பகலவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, அந்தச் சீட்டின்மேல் சுருக்கமில்லாமல் விரிக்கிறான்.